பெரிய எண்ணை நம்பாதீர்கள், கோணத்தைக் கேளுங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு வினாவுடன் தொடங்குவோம். அட்டையில் ஒரு பொம்மை வீடு செய்திருக்கிறீர்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 செ.மீ. கூரையின் உட்புறத்தில் ஓர் எல்.இ.டி. பொருத்த வேண்டும். கடைக்காரர் இரண்டு வெள்ளை எல்.இ.டி.களை எடுத்து வைக்கிறார். ஒன்றின் ஒளிச்செறிவு 15,000 மில்லி கேண்டெலா. மற்றொன்றின் ஒளிச்செறிவு 1,000 மில்லி கேண்டெலா. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. எதை வாங்குவீர்கள்?

பெரும்பாலோர் முதலாவதைத்தான் எடுப்பார்கள். கொடுக்கும் காசு ஒன்றாக இருக்கும்போது பெரிய எண்ணை விட்டுச் சிறிய எண்ணை எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த வீட்டுக்கு ஏற்றது இரண்டாவது விளக்காக இருக்கலாம் என்கிறேன் நான். அதுமட்டுமன்று, மொத்தத்தில் அதிக ஒளி தருவதும் அதுவாகவே இருக்கலாம். இது எப்படி என்று பார்ப்போம்.

கேண்டெலா எதைச் சொல்கிறது?

அடிப்படை அலகுகள் ஏழில் கேண்டெலாவும் ஒன்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர்விலும் எழுதியிருப்பீர்கள். ஆனால் ஏழு அலகுகளுள் நாம் மனப்பாடம் செய்து மறந்துவிடும் அலகு இதுதான். மீட்டரும் கிலோகிராமும் கடைத்தெருவில் நம்மோடு வருகின்றன. கேண்டெலா புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது. எல்.இ.டி. வாங்கும் இடம் அதைப் பயன்படுத்த நமக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அங்கேயும் நாம் அதைத் தவறாகப் படிக்கிறோம்.

ஒளிச்செறிவு என்பது ஒரு விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு அன்று. குறிப்பிட்ட ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு அடர்த்தியாகச் செல்கிறது என்பதையே அது சொல்கிறது. மொத்த ஒளியைச் சொல்லும் அலகு லூமென்.

தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. முனையை விரலால் அழுத்தினால் நீர் மெல்லிய தாரையாகித் தொலைவில் போய் விழும். தண்ணீர் அதிகமாகிவிட்டதா? இல்லை, ஒரே திசையில் குறுகிப் பாய்கிறது, அவ்வளவுதான். அதே தண்ணீரைப் பூவாளியில் ஊற்றிச் சாய்த்தால் பாத்தி முழுவதும் நனையும். எந்த ஓர் இடத்திலும் வேகம் இராது. ஆனால் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் கிடைக்கும். கேண்டெலா தாரையின் வேகத்தைப் போன்றது. லூமென் வாளியில் இருக்கும் தண்ணீரைப் போன்றது. நாற்றுக்கு நீர் விட யாரும் தாரையைப் பயன்படுத்துவதில்லை. நாற்று சாய்ந்துவிடும்!

இனிக் கணக்குக்கு வருவோம். எல்.இ.டி.களுக்குப் பார்வைக் கோணம் என்று ஓர் அளவு உண்டு. நேர் எதிரே உள்ள ஒளிச்செறிவு பக்கவாட்டில் செல்லச் செல்லக் குறையும். இடப்புறமும் வலப்புறமும் அது சரிபாதியாகக் குறையும் இரு திசைகளுக்கு இடையே உள்ள கோணமே பார்வைக் கோணம். நம் முதல் விளக்கின் பார்வைக் கோணம் 15 டிகிரி, இரண்டாவதன் கோணம் 120 டிகிரி என்று கொள்வோம்.

ஒளி ஒரு கூம்பாகப் பரவுகிறது. கூம்பின் திண்மக் கோணத்தைக் காண ஒரு சூத்திரம் உண்டு. பார்வைக் கோணத்தில் பாதியை எடுத்து அதன் கோசைனை 1-லிருந்து கழியுங்கள். விடையை 2 பையால் பெருக்குங்கள். 15 டிகிரி விளக்குக்கு அரைக்கோணம் 7.5 டிகிரி. அதன் கோசைன் 0.9914. திண்மக் கோணம் ஏறத்தாழ 0.054 ஸ்டிரேடியன். 120 டிகிரி விளக்குக்கு அரைக்கோணம் 60 டிகிரி, கோசைன் 0.5, திண்மக் கோணம் 3.14 ஸ்டிரேடியன்.

கேண்டெலாவைத் திண்மக் கோணத்தால் பெருக்கினால் லூமென் கிடைக்கும். முதல் விளக்கு: 15 × 0.054, அதாவது ஏறத்தாழ 0.8 லூமென். இரண்டாவது: 1 × 3.14, அதாவது 3.14 லூமென். எண்ணில் பதினைந்தில் ஒரு பங்காக இருந்த விளக்கு ஏறத்தாழ 4 மடங்கு ஒளியைத் தருகிறது!

கணக்கை எளிதாக்குவதற்காகக் கூம்புக்குள் ஒளி சீராக இருப்பதாகக் கொண்டோம். உண்மையில் கூம்பின் விளிம்புக்கு அப்பாலும் சிறிது ஒளி செல்லும். விடை சற்று மாறும். ஆயினும் எது அதிக ஒளி தருகிறது என்ற முடிவு மாறாது.

வீட்டுக்குள் என்ன நடக்கும்?

அந்த அட்டை வீட்டுக்குத் திரும்புவோம். 15 டிகிரி விளக்கைக் கூரையில் பொருத்தினால் 10 செ.மீ. கீழே தரையில் விழும் ஒளிவட்டத்தின் ஆரம், 10 × டான் 7.5 டிகிரி, அதாவது 1.3 செ.மீ. தரையின் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளைப் பொட்டு மட்டும் தெரியும். சுவர்கள் இருட்டாகவே இருக்கும். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு அது குடும்பம் வாழும் வீடாகத் தோன்றாது; திருடன் டார்ச் அடிக்கும் வீடாகத் தோன்றும்.

120 டிகிரி விளக்குக்கு அதே கணக்கைப் போட்டால் ஆரம் 17 செ.மீ.க்கு மேல். வீட்டின் தரையோ 10 செ.மீ. அகலமே உடையது. ஆகவே தரை, நான்கு சுவர்கள், மூலைகள் எல்லாவற்றிலும் ஒளி விழும். சுவர்களில் பட்ட ஒளி திரும்பவும் சிதறி அறையை நிரப்பும். நம் வீடுகளில் குழல்விளக்கு செய்யும் வேலை இதுவே.

கோணம் எங்கிருந்து வருகிறது?

எல்.இ.டி.க்குள் ஒளி தரும் குறைகடத்தித் துண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது. ஒரு சிறு கிண்ணம் போன்ற பள்ளத்தில் அது அமர்ந்திருக்கும். அதைச் சுற்றி எபாக்சி என்ற பிசினை வார்த்து உறையாக்குகிறார்கள்.

தட்டையான ஒரு பரப்பு தானாக ஒளிவிட்டால், திசையின் சாய்வு கூடக்கூட ஒளிச்செறிவு கோசைன் விகிதத்தில் குறையும். லாம்பர்ட் என்ற அறிஞர் 1760-ல் வெளியிட்ட நூலில் கூறிய விதி இது. 60 டிகிரிக்குக் கோசைன் 0.5 அன்றோ? எனவே அத்தகைய பரப்பின் பார்வைக் கோணம் இரு பக்கமும் சேர்த்து 120 டிகிரி. ஒளியைக் குவிக்காமல் விட்டால் கிடைக்கும் இயற்கைக் கோணம் இது.

குவிப்பது உறையின் உச்சி. அது குவிலென்சாக வேலை செய்கிறது. துண்டு உச்சியின் வளைவு மையத்திலேயே இருந்தால் கதிர்கள் பரப்பைச் செங்குத்தாகக் கடந்து வளையாமல் வெளியேறும். துண்டை மையத்துக்குக் கீழே தள்ளிவைத்தால் கதிர்கள் உட்பக்கம் வளைந்து குறுகிய கற்றையாகும். உச்சியைத் தட்டையாக வார்த்தாலோ, குட்டையான தொப்பி போல வார்த்தாலோ கற்றை விரியும். தொப்பி வடிவ எல்.இ.டி.களைக் கடைகளில் 'ஸ்ட்ரா ஹாட்' என்று கேட்டால் தருவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பிசினில் மிக நுண்ணிய துகள்களைக் கலந்துவிட்டால் உறை பால்போல் மங்கலாகிவிடும். ஒளி துகள்களில் மோதி நாலா பக்கமும் சிதறும். கடைகளில் இதை 'டிஃப்யூஸ்டு' என்றும், 'மில்க்கி' என்றும் சொல்வார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அகன்ற கோணம் வேறு. மங்கலான உறை வேறு. தெளிந்த உறையுள்ள தொப்பி வடிவ விளக்கு ஒளியை அகலமாக வீசும். ஆனால் அதை நேரே பார்த்தால் ஊசிமுனை போல ஒரு புள்ளி கண்ணைக் குத்தும். மங்கலான உறையில் அந்தப் புள்ளி மறைந்து உறை முழுவதும் சீராக மின்னும். மறுபுறம், மங்கலான உறை உள்ளவை எல்லாம் 120 டிகிரி கொண்டவை என்றும் நினைத்துவிடக்கூடாது. சாதாரண 5 மி.மீ. வகையில் 30 முதல் 60 டிகிரி வரை உள்ளவை ஏராளம். ஆகவே உறையைக் கண்ணால் பார்ப்பதோடு கோணத்தை வாயால் கேட்கவும் வேண்டும்.

விளக்குக்கு இரண்டு வேலைகள்

ஒரு விளக்கு தன்னைக் காட்டலாம்; அல்லது பிற பொருள்களைக் காட்டலாம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். அதன்பின் நெடுங்காலம் எல்.இ.டி. தன்னைக் காட்டும் வேலையை மட்டுமே செய்துவந்தது. கருவி இயங்குகிறதா, நின்றுவிட்டதா என்று காட்டும் சிவப்புப் பொட்டாக அது இருந்தது. 1990-களில் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்தது. அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசி வெள்ளை ஒளியைப் பெற்றார்கள். அப்போதுதான் எல்.இ.டி. பிற பொருள்களைக் காட்டும் வேலைக்கு வந்தது. நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

பள்ளிக் கண்காட்சியில் வைக்கும் மாதிரிக் கிராமத்திலும், நவராத்திரிக் கொலுவில் அமைக்கும் பூங்காவிலும் விளக்குகள் இந்த இரு வேலைகளையும் செய்ய வேண்டும். தெருவிளக்கு நான்கு பக்கத்திலிருந்தும் விளக்காகத் தெரிய வேண்டும். கீழே உள்ள சாலையையும் காட்ட வேண்டும். கண்காட்சி மேசையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மக்கள் நிற்பார்கள். குறுகிய கற்றை விளக்கை வைத்தால் ஒருவருக்குக் கண் கூசும். மற்றவர்களுக்கு விளக்கு எரிகிறதா என்பதே தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதிரியை மேசைமேல் வைக்கிறோம். அதைக் காண வருவோரில் கீழ் வகுப்புக் குழந்தைகள் பலர். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் ஏழு வயதுக் குழந்தையின் கண் உங்கள் தெருவிளக்குக்கு நேராகவே இருக்கும். ஒரு சாண் தொலைவில் இருக்கும். குறுகிய கற்றை விளக்கின் அடர்த்தியான ஒளி அந்தச் சிறு கண்ணுக்குள் பாய்கிறது. உறுத்தலும், சிறிது நேரம் பார்வையில் மிதக்கும் கரும்பொட்டும் அக்குழந்தைக்கு நாம் தரும் பரிசாக இருக்க வேண்டாம். அறிவியலை விரும்பி வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்புவது நமக்குப் பெருமையா?

கண்காட்சிகளில் நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதிகமாகப் பளிச்சிடும் மாதிரியே சிறந்த மாதிரி என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. 'இந்த விளக்கை ஏன் தேர்ந்தெடுத்தாய்?' என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கு மதிப்பெண் கொடுத்தால் போதும். மாணவர்கள் கேண்டெலாவைத் தாமே தேடிப் படித்துவிடுவார்கள்.

மறுப்புகளும் விடைகளும்

மங்கலான உறை கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பொம்மை வீட்டுக்கு நமக்குத் தேவைப்படும் ஒளி மிகக் குறைவு. 20 மில்லி ஆம்பியர் செலுத்தக்கூடிய விளக்கில் 5 மில்லி ஆம்பியர் செலுத்தினாலே பெரும்பாலும் போதும். இழப்பைவிடச் சீர்மையே இங்கு லாபம்.

குறுகிய கற்றையே கூடாதா என்றும் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. கலங்கரை விளக்கின் மாதிரிக்குக் குறுகிய கற்றைதான் வேண்டும். ஒளியிழைகளின் முனையில் விளக்கை வைத்து விண்மீன்களைக் காட்டுபவருக்கும், ஒளிக்கற்றையைக் கை மறித்தால் மணி அடிக்கும் கருவி செய்பவருக்கும் அதுவே ஏற்றது. தாரையும் வேண்டும், பூவாளியும் வேண்டும். எந்த வேலைக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கையில் தெளிந்த உறையுள்ள விளக்குகள்தாம் இருக்கின்றனவா? தூக்கி எறிய வேண்டாம். மிக நுண்ணிய உப்புத்தாளால் உச்சியையும் பக்கங்களையும் மென்மையாகத் தேய்த்தால் உறை மங்கலாகிவிடும். ஆழமாகத் தேய்க்காதீர்கள், உள்ளே மெல்லிய கம்பி இருக்கிறது. டிரேசிங் தாளில் சிறு குழல் செய்து விளக்குக்கு மாட்டிவிட்டாலும் நல்ல பலன் கிடைக்கும்.

நிறத்தையும் மறவாதீர்கள். வெள்ளையிலேயே இரு வகை உண்டு. 2,700 முதல் 3,000 கெல்வின் வரை உள்ளது இளமஞ்சள் கலந்த வெள்ளை. பழைய இழைவிளக்கின் நிறத்தை ஒத்தது. 6,000 கெல்வினும் அதற்கு மேலும் உள்ளது நீலச் சாயல் கொண்ட வெள்ளை. ஓட்டு வீட்டுக்குள் முதலாவது பொருந்தும். நவீன மருத்துவமனை மாதிரிக்கு இரண்டாவது பொருந்தும்.

எந்த விளக்கானாலும் தனித்தனியே ஒரு மின்தடை தேவை. மின்தடையைக் காண மின்கல அடுக்கின் வோல்ட்டிலிருந்து விளக்கின் வோல்ட்டைக் கழித்து, மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 1.5 வோல்ட் செல்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட். வெள்ளை விளக்குக்கு ஏறத்தாழ 3 வோல்ட். மீதி 1.5 வோல்ட்டை 0.005 ஆம்பியரால் வகுத்தால் 300 ஓம். கடையில் கிடைக்கும் 330 ஓம் மின்தடை போதும். சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட். அதற்கு 470 ஓம் போடலாம். வீட்டு மின்சாரத்தில் நேராக இணைக்கும் முயற்சி வேண்டவே வேண்டாம்.

கோணத்தை நீங்களே அளக்கலாம்

பாக்கெட்டில் கோணம் அச்சிடப்படவில்லையா? கடைக்காரருக்கும் தெரியவில்லையா? கவலை வேண்டாம். ஓர் எல்.டி.ஆர்., ஒரு மல்டிமீட்டர், ஒரு பெரிய தாள், கோணமானி, இருட்டறை ஆகியவை இருந்தால் போதும். எல்.டி.ஆர். என்பது ஒளி படப்பட மின்தடை குறையும் பொருள். ஒளி பாதியானால் அதன் மின்தடை சரியாக இரு மடங்காகும் என்று சொல்ல முடியாது. அதனால் அதை நேரடியாக நம்பக்கூடாது. அதற்குத் தலைகீழ் இருமடி விதியின் துணையை நாடுவோம்.

தாளில் எல்.இ.டி.யை ஓரிடத்தில் நிலையாக வையுங்கள். அதை மையமாகக் கொண்டு 30 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம் வரையுங்கள். முதலில் எல்.டி.ஆரை நேர் எதிரே 42.4 செ.மீ. தொலைவில் வைத்து மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 42.4 என்பது 30-ஐ 2-ன் வர்க்கமூலத்தால் பெருக்கிய எண். தொலைவு அவ்வளவு கூடினால் ஒளி சரிபாதியாகும். ஆகவே 30 செ.மீ. தொலைவில் கிடைக்கும் ஒளியில் பாதிக்குரிய மின்தடை இது. இப்போது எல்.டி.ஆரை 30 செ.மீ. அரைவட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முகம் எப்போதும் விளக்கை நோக்கியே இருக்கட்டும். நேர் எதிரிலிருந்து மெல்ல ஒரு பக்கமாக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில வினாடி பொறுத்து அளவைப் பாருங்கள். குறித்துவைத்த மின்தடை எங்கே வருகிறதோ, அங்கே ஒளிச்செறிவு பாதியாகிவிட்டது. அந்தக் கோணத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் பார்வைக் கோணம்.

தெளிந்த விளக்கு ஒன்றை இவ்வாறு அளந்துவிட்டு, அதையே உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் அளந்து பாருங்கள். இரு அளவுகளையும் வரைபடத்தாளில் குறித்து உங்கள் மாதிரிக் கிராமத்தின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். என்னைக் கேட்டால், பரிசுக்குரியது கிராமத்தைவிட அந்த வரைபடம்தான். அடுத்த முறை சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ரேடியோ கடையிலோ எல்.இ.டி. வாங்கும்போது, 'எத்தனை கேண்டெலா?' என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். 'எத்தனை டிகிரி?' என்றும் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர்களும் அதை எழுதி வைக்கத் தொடங்குவார்கள்.